வித்துப்போடவா, வச்சிருக்கவா? ஓடாமல் நிற்கிற ஈ-பைக்குக்கு ஒரு கணக்கு



இந்தக் கிழமை எபிசோட்டில் பற்றரிகளைப் பற்றிக் கதைத்தோம். முடிகிற நேரத்தில் ஒரு கேள்வியை வாசித்துவிட்டு, "இதுக்கு எழுத்தில பதில் தாறன்" என்று சொல்லியிருந்தேன். அந்தப் பதில்தான் இது. கேள்வி மான்செஸ்ரர் பக்கம் இருக்கிற ஒரு தங்கச்சியிட்ட இருந்து வந்தது. சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்:

"அண்ணா, 2023 இல 4,200 பவுண்ஸ் குடுத்து ஒரு எலெக்ட்ரிக் மவுண்டன் பைக் வாங்கினன். சனிக்கிழமையில பீக் டிஸ்ட்ரிக்ட்டுக்குக் கொண்டுபோய் ஓடுவன். போன மாசம் விழுந்து முழங்கால் லிகமென்ட் அறுந்துபோச்சு. ஒப்பரேசன் முடிஞ்சுது. திரும்ப மலையில ஓட 9 மாசத்தில இருந்து 12 மாசம் ஆகுமாம். அம்மா ஒவ்வொரு நாளும் 'வித்துப்போடு' எண்டு சொல்றா. எனக்கு விக்க மனமில்லை. ஆனா விலை மாசம் மாசம் இறங்கிறதைப் பாக்க வயிறு எரியுது. என்ன செய்யிறது?"

நல்ல கேள்வி. என்ர கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதே கேள்வியில் நான் சறுக்கினவன்.

நான் விட்ட பிழை

2021 இல் நான் 4,800 பவுண்ஸ் கொடுத்து ஒரு ஈ-பைக் வாங்கினேன். கொரோனா காலம். கடைகளில் சைக்கிளே இல்லை, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினோம். இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் சரே ஹில்ஸ் போவேன். பீஸ்லேக்கில் காரை விட்டு, ஹோம்பரி ஹில்லில் ஏறி, நேரம் இருந்தால் லீத் ஹில் வரைக்கும். கிழமை முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவனுக்கு அந்த மூன்று மணித்தியாலம் மருந்து மாதிரி.

2023 செப்டம்பரில் கொன்ட்ராக்ட் முடிந்தது. புதுப்பிப்பார்கள் என்று நம்பி இருந்தேன், புதுப்பிக்கவில்லை. மனுசிக்கு அப்போது ஆறு மாதம். பைக் வீட்டு நடையில் சுவரோடு சாய்ந்து நின்றது. அதன் பிறகு நான் அதில் ஏறவே இல்லை. வேலை தேடுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓட மனம் வரவில்லை, பிள்ளை பிறந்த பிறகு நேரம் வரவில்லை.

அந்த நேரம் தெரிந்த பெடியன் ஒருவன் 2,700 பவுண்ஸுக்குக் கேட்டான். "4,800 குடுத்த சாமான், 2,700க்கா?" என்று சிரித்து அனுப்பிவிட்டேன். அதே மாதம் வீட்டுச் செலவுக்கு கிரெடிட் கார்டைத் தேய்க்கத் தொடங்கினேன். கடன் மூவாயிரத்தைத் தாண்டினதை மனுசிக்குச் சொல்லவில்லை. நடையில் 2,700 பவுண்ஸ் நிற்குது, பக்கத்து அறையில் நான் கார்ட் கடனுக்கு வட்டி கட்டுகிறேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. பிப்ரவரியில் வேலை கிடைத்தது. கார்டை அடைக்க ஒரு வருடம் ஆனது. கடைசியில் 2025 ஏப்ரலில் பைக்கை 1,750க்கு விற்றேன்.

நான் பிந்தி விற்றது அல்ல பெரிய பிழை. எப்போது விற்பது என்று முடிவெடுக்க என்னிடம் ஒரு விதியும் இருக்கவில்லை, அதுதான் பிழை. விதி இல்லாதபடியால் ஒவ்வொரு மாதமும் "இன்னும் கொஞ்சம் பார்ப்பம்" என்பதே முடிவாகிவிட்டது.

மனம் போடுகிற பிழைக்கணக்கு

"4,800 குடுத்தனான்" என்பது போன காசு. விற்றாலும் வராது, வைத்திருந்தாலும் வராது. அதை இன்றைய முடிவுக்குள் கொண்டுவரக்கூடாது.

இரண்டாவது பொறி, எங்கட கையில் இருக்கிற சாமானுக்கு நாங்களே கூட விலை போடுவது. ரிச்சர்ட் தாலர் என்ற பொருளியல் அறிஞர் 1980 இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார். 1990 இல் அவரும் டானியல் கானமனும் ஜாக் நெட்ஷும் வெளியிட்ட சோதனை ஒன்றில், மாணவர்களில் பாதிப் பேருக்கு கோப்பி குடிக்கிற மக் ஒன்றைக் கொடுத்தார்கள். மக் கிடைத்தவர்கள் விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கச் சொன்ன விலையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிடைத்து கொஞ்ச நேரம்தான் ஆன மக்குக்கே அப்படி என்றால், நாங்கள் விழுந்து எழும்பின பைக்குக்கு எப்படி இருக்கும்?

இதை உடைக்க ஒரு கேள்வி போதும். இரவு யாரோ வந்து உங்கட பைக்கை எடுத்துக்கொண்டு, இன்றைய சந்தை விலையைக் காசாக மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் எழும்பி, அந்தக் காசைக் கொண்டுபோய் அதே பைக்கைத் திரும்ப வாங்குவீர்களா? "ஓம்" என்றால் வைத்திருங்கோ. "இல்லை" என்றால் உங்கட மனம் ஏற்கெனவே விற்றுவிட்டது, கைதான் மிச்சம்.

ஆனால் தங்கச்சியின் பதில் "இப்ப இல்லை, ஒரு வருசத்தில ஓம்" என்பது. அந்த இடத்தில்தான் எங்கட படிப்பு உதவிக்கு வருகிறது.

பனிச்சறுக்குக் கணக்கு

கம்பியூட்டர் சயன்ஸ் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நீங்கள் சிநேகிதர்களோடு பனிச்சறுக்கப் போகிறீர்கள். பலகை வாடகை ஒரு நாளுக்கு 30 பவுண்ஸ். வாங்கினால் 300. எத்தனை நாள் சறுக்கப்போகிறீர்கள் என்று தெரியாது. நாளைக்கே கால் முறியலாம், அல்லது 40 நாள் பைத்தியமாகச் சறுக்கலாம். எப்போது வாங்குவது?

பதில்: வாடகையாகக் கொடுத்த காசு வாங்குகிற விலையைத் தொடும்வரைக்கும் வாடகைக்கு எடுங்கோ. தொட்டவுடன் வாங்கிவிடுங்கோ. இப்படிச் செய்தால், எதிர்காலம் தெரிந்த ஒருவன் செலவழித்திருக்கக்கூடியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உங்களுக்கு ஒருநாளும் போகாது. எதிர்காலத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இந்த உத்தரவாதம் கிடைக்கிறது.

உங்கட லப்டொப் எப்போது தூங்கப் போவது என்பதும் இதே கணக்குத்தான். விழித்திருந்தால் ஒவ்வொரு நிமிடமும் மின்சாரம் போகும். தூங்கினால் திரும்ப எழும்புவதற்கு ஒருதரம் கூடச் செலவாகும். நீங்கள் எப்போது திரும்பி வருவீர்கள் என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒரு எல்லை வரைக்கும் காத்திருந்துவிட்டுத் தூங்குகிறது.

ஓடாமல் நிற்கிற ஈ-பைக்கும் அப்படித்தான். வைத்திருந்தால் மாதாமாதம் காசு கரையும், இது வாடகை மாதிரி. விற்றுவிட்டுப் பிறகு திரும்ப வாங்கினால் ஒருதரம் ஒரு தொகை போகும், இது பலகை வாங்குகிற விலை மாதிரி. எப்போது திரும்ப ஓடுவோம் என்பது தெரியாது.

நாலு எண்கள்

ஒரு தாளை எடுத்து இவற்றை எழுதுங்கோ.

1. இன்று கைக்கு வரும் விலை. விளம்பரத்தில் கேட்கிற விலை அல்ல, உண்மையில் விற்றுப்போன விலை. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். கட்டணம் இருந்தால் கழியுங்கோ.

2. திரும்ப வாங்கும் விலை. இதே வயது, இதே தரத்தில் ஒன்றை நம்பிக்கையான இடத்தில் வாங்கி, சேர்விஸும் செய்து ஓடத் தயாராக்க எவ்வளவு? இதில் இருந்து முதல் எண்ணைக் கழித்தால் வருவது மாற்றுச்செலவு.

3. மாதச்செலவு. உங்கட பைக்கைவிட ஒரு வருடம் பழைய மொடல் என்ன விலைக்குப் போகுது என்று பாருங்கோ. அந்த வித்தியாசத்தைப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் எவ்வளவு விலை இறங்குது என்று வரும். அதோடு இன்சூரன்ஸைச் சேருங்கோ. கிரெடிட் கார்ட் கடன் இருந்தால், பைக்கை விற்றுக் கடனை அடைத்தால் மிச்சமாகும் வட்டியையும் கட்டாயம் சேருங்கோ. நான் சேர்க்காமல் விட்டது இதைத்தான்.

4. காத்திருப்பு எல்லை. மாற்றுச்செலவை மாதச்செலவால் பிரித்தால் வருகிற மாதங்கள்.

கடைசியாக ஓடிய நாளில் இருந்து அந்த மாதங்களை எண்ணி, ஒரு திகதியைக் கலண்டரில் போடுங்கோ. அதற்கு முதல் ஓடத் தொடங்கினால் எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பும். ஓடாமல் அந்தத் திகதி வந்தால் விற்கிறீர்கள். அன்றைக்கு யோசிப்பதில்லை, ஏற்கெனவே யோசித்தாயிற்று.

ஒரு எச்சரிக்கை. எண்ணிக்கையைப் பூச்சியமாக்குவதற்காக ஒருநாள் தெருமுனை வரைக்கும் ஓடிவிட்டு வருவது கள்ள ஓட்டம். நான் அப்படி ஒருநாள் சூப்பர்மார்க்கெட்டுக்குப் பால் வாங்கப் போனேன். அது கணக்கில் வராது. மூன்று மாதத்துக்குள் இரண்டு முறையாவது மலைக்குப் போனால்தான் "ஓடுகிறேன்" என்று அர்த்தம் என்று நீங்களே முன்கூட்டி எழுதி வையுங்கோ.

இரண்டு பேரின் கணக்கு

முதலில் என்ர 2023 செப்டம்பர். விற்றால் 2,700. திரும்ப வாங்க 3,200. மாற்றுச்செலவு 500. ஒரு வருடம் பழைய மொடல் 2,100க்குப் போனது, ஆகவே மாதம் 50 இறக்கம். இன்சூரன்ஸ் 12. கார்ட் வட்டி வருடத்துக்கு 24 வீதம், 2,700க்கு மாதம் 54. எல்லாம் சேர்த்து 116. 500ஐ 116ஆல் பிரித்தால் நாலு மாதம் சொச்சம்.

2024 ஜனவரியில் விற்றிருக்க வேண்டும். நான் வைத்திருந்தது 19 மாதம். விலை இறக்கம் 950, இன்சூரன்ஸ் 228, ஒரு வருட வட்டி 648. மொத்தம் 1,826 பவுண்ஸ். ஒருநாளும் ஏறாத பைக்குக்கு.

கடன் இல்லாமல் இருந்திருந்தால் எல்லை எட்டு மாதமாக நீண்டிருக்கும். அதே பைக், அதே விலை, ஆனால் கடன் இருக்கிறவனுக்குப் பாதி நேரம்தான். "வைத்திருக்கலாமா" என்பது பைக்கைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல என்று எனக்கு அப்போதுதான் விளங்கினது.

இனித் தங்கச்சியின் கணக்கு. அவ பிறகு அனுப்பின எண்கள் இவை. இன்று விற்றால் 2,300. அதே மாதிரி ஒன்றைக் கடையில் வாங்க 2,950. மாற்றுச்செலவு 650. ஒரு வருடம் பழையது 1,820க்குப் போகுது, மாதம் 40. இன்சூரன்ஸ் 12. கடன் இல்லை. 650ஐ 52ஆல் பிரித்தால் பன்னிரண்டரை மாதம்.

வைத்தியர் சொன்னது 9 இல் இருந்து 12. ஆகவே தங்கச்சி, வச்சிருங்கோ. விலை இறங்குவதைப் பார்த்து வயிறு எரிய வேண்டாம், விற்றுத் திரும்ப வாங்கினால் அதைவிடக் கூடப் போகும். ஆனால் விழுந்த நாளில் இருந்து பன்னிரண்டரை மாதத்தை எண்ணித் திகதியை இன்றைக்கே எழுதுங்கோ. அந்த நாளில் பிசியோ "இன்னும் இல்லை" என்று சொன்னாலோ, கால் ஆறியும் மனம் பயப்பட்டாலோ, விற்றுவிடுங்கோ. அது தோல்வி இல்லை. பிறகு ஓட ஆசை வந்தால் வாடகைக்கு எடுத்து ஓடிப் பார்க்கலாம்.

அம்மாவுக்கு இந்தத் தாளைக் காட்டுங்கோ. "விக்கமாட்டன்" என்பதும் "இந்தத் திகதிக்கு ஓடாட்டி விப்பன்" என்பதும் அம்மாமாரின் காதில் வேற வேற மாதிரிக் கேட்கும்.

நிற்கும்போதும் பற்றரிக்கு வயது போகும்

ஓடாமல் வைத்தால் புதிதாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். லிதியம் பற்றரி ஓடினாலும் தேயும், சும்மா இருந்தாலும் தேயும். முழுக்க சார்ஜ் பண்ணி, சூடான இடத்தில் வைத்தால் வேகமாகத் தேயும். கன நாளைக்கு நிறுத்துவதென்றால் 30 இல் இருந்து 60 வீதத்துக்குள் சார்ஜை வைத்து, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேணும் என்று பொஷ் நிறுவனம் சொல்லுது. இடைக்கிடை பார்த்து, குறைந்திருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கோ. முழுக்க வடிந்து மாதக்கணக்கில் கிடந்தால் பற்றரி செத்தும் போகலாம்.

வைக்கிற இடமும் முக்கியம். நான் வைத்த வீட்டு நடைதான் கூடாத இடம். நெருப்புப் பிடித்தால் ஓடித் தப்புகிற வழியில் ஈ-பைக்கை வைக்கவோ சார்ஜ் பண்ணவோ வேண்டாம் என்று லண்டன் தீயணைப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்லுது. எங்கட அம்மா ஊரில் இருந்து வந்த நாளில் இருந்து "இதை வாசலில வைக்காதை" என்று சத்தம் போட்டவ. நான் "அம்மாவுக்கு ரெக்னொலொஜி விளங்காது" என்று சொல்லித் திரிந்தேன். அம்மா சொன்னது சரி.

"பற்றரி 80 வீதமாப் போச்சு, இனிச் சரிவராது" என்று பயந்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். விற்க முதல் ஒரு சின்னப் பௌதிகம் செய்து பாருங்கோ. நீங்களும் பைக்கும் பையும் சேர்த்து 105 கிலோ என்று வையுங்கோ. ஒரு நாளில் மொத்தம் 600 மீற்றர் ஏறுகிறீர்கள். 105 × 9.8 × 600 = 617,400 ஜூல். ஒரு வாற்-மணி 3,600 ஜூல். ஆகவே ஏறுவதற்குத் தேவை ஏறக்குறைய 171 வாற்-மணி. அதில் ஒரு பங்கை உங்கட கால் கொடுக்கும். மோட்டரில் வீணாகிறது, ரயர் உராய்வு, காற்று எல்லாத்துக்கும் தாராளமாகச் சேர்த்து 300 என்று போடுங்கோ. 625 வாற்-மணிப் பற்றரி 80 வீதத்துக்கு இறங்கினாலும் 500 இருக்கு. உங்கட ஓட்டத்துக்கு அது தாராளம். பற்றரி தேய்ந்ததா என்பது கேள்வி இல்லை, உங்கட மலைக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. 2021 இல் பொஷ் "ஸ்மார்ட் சிஸ்டம்" என்று புது அமைப்பைக் கொண்டுவந்தது. அதன் பற்றரி பழைய அமைப்புக்குப் பொருந்தாது, பழையது புதுசுக்கும் பொருந்தாது. அதனால் பழைய அமைப்பு வைத்திருக்கிறவர்கள், தங்கட பைக்குக்குப் பொருந்துகிற பற்றரி என்ன விலை, கடையில் கிடைக்குதா என்று எல்லைத் திகதிக்கு முதலே கேட்டு வையுங்கோ. அதே நேரம், புது மோட்டர் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் விற்காதீர்கள். அது வந்ததால் உங்கட மோட்டர் மெதுவாகப் போகப்போவதில்லை.

விற்கிறதென்று முடிவானால்

வசந்தகாலத்தில் விற்றுங்கோ. நவம்பர் மழையில் யாரும் மவுண்டன் பைக் தேடமாட்டார்கள். எல்லைத் திகதி குளிர்காலத்தில் விழுந்தால், செப்டம்பருக்கு முன்னே இழுங்கோ, அல்லது மார்ச்சுக்குத் தள்ளி அதோடு நில்லுங்கோ.

சின்னச் செலவுகளைச் செய்யுங்கோ: கழுவி, செயினும் பிரேக் பாட்டும் தேய்ந்திருந்தால் மாற்றுங்கோ. பெரிய சஸ்பென்ஷன் வேலைக்குக் காசு கொட்டாதீர்கள், அது விலையில் முழுக்கத் திரும்பி வராது.

வாங்குகிறவனின் பயம் இரண்டு: களவெடுத்த பைக்கா, பற்றரி செத்ததா. முதலாவதுக்கு வாங்கின ரசீதையும் பிரேம் நம்பரையும் காட்டுங்கோ. பைக்ரெஜிஸ்ரர் தளத்தில் பதிந்திருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவதுக்கு, டீலரிடம் பற்றரியின் கொள்ளளவைச் சோதித்து அறிக்கை எடுங்கோ. பற்றரித் திறப்பு இரண்டும் சார்ஜரும் கையில் இருக்க வேணும். அப்பில் டிஜிட்டல் பூட்டுப் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, பைக்கை உங்கட கணக்கில் இருந்தும் நீக்குங்கோ. இதை மறந்தால் வாங்கினவன் இரவு பத்து மணிக்கு போன் எடுப்பான்.

வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றின பைக் என்றால், விற்க முதல் பழையபடி ஆக்குங்கோ. பிரித்தானியச் சட்டத்தில் ஈ-பைக்கின் மோட்டர் 250 வாற், உதவி மணிக்கு 15.5 மைலோடு நிற்க வேணும். அதைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அது சைக்கிள் அல்ல, மோட்டார் வாகனம்.

வேலையிடத்து சைக்கிள் திட்டத்தில் எடுத்திருந்தால், அது இன்னும் உங்கட பெயருக்கு மாறாமல் இருக்கலாம். முதலில் அதை விசாரியுங்கோ. வாங்க வருகிறவரிடம் காரில் வரச் சொல்லுங்கோ. 2025 மார்ச் 31 இல் இருந்து மடிக்க முடியாத ஈ-பைக்கை லண்டன் டியூப்பில் ஏற்ற ஏலாது. "ஊருக்கு அனுப்பி மச்சானுக்குக் குடுப்பம்" என்று அப்பா சொன்னால், அந்த அளவுப் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள் என்று சொல்லுங்கோ.

வீட்டுப்பாடம்

உங்களிடம் ஈ-பைக் இல்லாமல் இருக்கலாம். கமெரா, கிற்றார், கேமிங் லப்டொப் ஏதாவது ஒன்று மூலையில் நிற்கும். இந்தக் கிழமை அதற்கு அந்த நாலு எண்களையும் எழுதி, ஒரு திகதியைக் கலண்டரில் போடுங்கோ. வீட்டில் ஒருவருக்கு அந்தத் திகதியைச் சொல்லுங்கோ.

நான் கடைசியில் மனுசிக்கு எல்லாத்தையும் சொன்னேன், பைக் விற்ற காசை மேசையில் வைத்துவிட்டுத்தான். அவ கார்ட் கடனைப் பற்றிக் கோபப்படவில்லை. "முதலே சொல்லியிருந்தா ரெண்டு பேருமாச் சேர்ந்து வித்திருப்பம்" என்று மட்டும் சொன்னா. இப்போது வருடத்தில் மூன்று நாலு முறை வாடகைக்கு எடுத்து ஹோம்பரி ஹில்லில் ஏறுகிறேன். மகன் ஓடத் தொடங்கினால் திரும்ப ஒன்று வாங்குவேன். வாங்குகிற அன்றைக்கே விற்கிற விதியையும் எழுதி வைப்பேன்.

தங்கச்சி, காலைக் கவனமாப் பாருங்கோ. அடுத்த கிழமை சந்திப்பம்.